கடற்கரை விடுமுறையில் சின்ன மீன் காட்சியகம்: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போன குடும்பங்கள் பெரும்பாலும் மழை பிடித்துக்கொண்ட நாளில்தான் அந்த ஊர் மீன் காட்சியகத்தை நினைக்கின்றன. இருபது முப்பது தொட்டிகள், உயிர்களைத் தொட்டுப் பார்க்க ஒரு தாழ்வான தொட்டி, சுவரில் ஒரு திமிங்கில எலும்பு. பல இடங்களில் அவ்வளவுதான் இருக்கும். இப்படிப்பட்ட சின்னக் காட்சியகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. பிள்ளைகளோடு கிளம்பும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் சுற்றி முடிக்கிற இடம். இதற்காகப் பாதிப் பகலை ஒதுக்கலாமா?

ஒதுக்கலாம். பெரிய காட்சியகத்தில் தலைக்கு மேலே சுறா நீந்தும், வாய் பிளந்து நிற்போம். அந்தச் சுறா எங்கோ தொலைதூரக் கடலைச் சேர்ந்ததாக இருக்கும். சின்னக் காட்சியகத்தில் பெரும்பாலும் இருப்பவை நீங்கள் காலையில் கால் நனைத்த அதே கடலின் உயிர்கள். உங்கள் பிள்ளை ஓடி விளையாடிய மணலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை அங்கே பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மீனுக்கு இரை போடுகிறவரே பக்கத்தில் நிற்பார். எந்த நண்டு சண்டைக்காரன், எந்த மீன் இரைக்கு முதலில் ஓடி வரும், எந்த ஆக்டோபஸ் மூடியைத் தள்ளிப் பார்க்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

எந்த நாளில் போவது நல்லது?

முதல் நாள், அல்லது இரண்டாம் நாள். மழை வரட்டும் என்று காத்திருந்தால் ஊரில் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் அன்றைக்கே வந்து நிற்கும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. காட்சியகத்தைப் பார்த்த பிறகு பிள்ளைகளுக்குக் கடற்கரையே வேறாகத் தெரியும். அதுவரை வெறும் பாறையாக இருந்தது, மேலே ஓட்டோடு ஒட்டி வாழும் கொட்டலசும் கீழே நண்டும் குடியிருக்கும் வீடாகிவிடும். கடைசி நாளில் போனால் அந்தக் கண்ணோடு கடலைப் பார்க்க நாள் மிச்சம் இருக்காது.

இரை போடும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கல்லாகக் கிடந்த மீன்கள் அப்போதுதான் தாங்கள் யார் என்று காட்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பழகிப்போன முறை இது: முதலில் எல்லாத் தொட்டிகளையும் வேகமாக ஒரு சுற்று. பிள்ளைகள் எப்படியும் ஓடத்தான் செய்வார்கள், ஓடட்டும். அது முடிந்ததும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு தொட்டியைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டிகளின் முன்னால் மட்டும் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுவோம்.

பத்து நிமிடம் நீளமாகத் தோன்றும். முதல் இரண்டு நிமிடம் பெரிய மீன் மட்டும்தான் கண்ணில் படும். மூன்றாவது நிமிடத்தில் பாறை இடுக்கில் இரண்டு மீசைகள் அசையும், அது இறால். பிறகு, ஒரு மீன் எப்போதும் அதே மூலைக்குத் திரும்பி வருவதும், இன்னொன்று அங்கே வந்தால் அதைத் துரத்துவதும் புரியும். இடையில் ஒரு பெரிய மீன் ஓரிடத்தில் வந்து அசையாமல் நின்று வாயைத் திறக்கும். சின்ன மீன் ஒன்று அதற்குள்ளேயே நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்றுவிட்டு வெளியே வரும். அதுதான் துப்புரவு மீன். இதெல்லாம் ஓட்டத்தில் பார்த்தவருக்குக் கிடைக்காது. நாற்பது தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவதைவிட, மூன்று தொட்டிகளின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வருவதையே நான் விரும்புவேன்.

"இந்தத் தொட்டியில் ஒன்றுமே இல்லை" என்று பிள்ளை நகர்ந்துவிடுகிறதே?

அங்கேதான் நிற்க வேண்டும். ஒன்றுமே இல்லாத தொட்டி என்று ஒன்றை வைத்திருக்க மாட்டார்கள். மீனைத் தேடாமல் கண்ணைத் தேடச் சொல்லுங்கள். மணலில் இரண்டு மிளகு போலத் தெரிந்தால் அது தட்டையாகப் படுத்திருக்கும் நாக்கு மீன் வகையாக இருக்கலாம். அது குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்தும். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகர்ந்து வந்துவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான்.

கண் தெரியவில்லை என்றால் மூச்சைத் தேடலாம். கல் மூச்சு விடாது. 'பாறை' ஒன்று மெல்ல உப்பி அடங்கினால் அது ஆக்டோபஸ். மூன்று இதயங்கள், நீல ரத்தம். அந்த ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதால் அந்த நிறம். பக்கத்துத் தொட்டியில் கணவாய் இருந்தால் இன்னும் ஆச்சரியம். சுற்றியுள்ள எதனோடும் கலந்துபோகும்படி நொடியில் தன் தோலை மாற்றிக்கொள்ளும் அந்த உயிருக்கு, நம்மைப் போல நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது.

தொட்டுப் பார்க்கும் தொட்டியில் என்ன கவனிக்க வேண்டும்?

போகும் முன்பே கைகளை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். கடற்கரையிலிருந்து நேராக வருகிறவர்களின் கையில் வெயில் கிரீம் இருக்கும், அது அந்தத் தண்ணீரில் கலக்கக் கூடாது. மோதிரம், வளையல் கழற்றிவிடுவது நல்லது. உலர்ந்த கையால் தொடாமல் முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு விரல்களின் நுனி போதும், பூனைக்குட்டியின் நெற்றியைத் தடவும் அளவுக்கு. எதையும் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது.

கடைசி விதியைப் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொன்னால் மறக்க மாட்டார்கள். நட்சத்திர மீனுக்கு ரத்தமே கிடையாது, மூளையும் கிடையாது. உடம்புக்குள் கடல்நீரையே குழாய்களில் ஓடவிட்டு, அந்த அழுத்தத்தால் அடியில் உள்ள நூற்றுக்கணக்கான குழல் கால்களை நீட்டி மடக்கி நகர்கிறது. மூச்சும் அந்த மெல்லிய கால்கள், தோல் வழியாகத்தான். வெளியே தூக்கிப் படத்துக்குச் சிரிக்கும் நேரம் முழுவதும் அது மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. ஊழியர் அதைத் தண்ணீருக்குள்ளேயே புரட்டிக் காட்டினால் குழல் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு கையின் நுனியிலும் வெளிச்சத்தை உணரும் ஒரு கண்புள்ளி உண்டு. அறுந்த கையை மெதுவாகத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். சாப்பாட்டு முறை இன்னும் விசித்திரம்: சிப்பியின் ஓட்டைக் கொஞ்சம் திறக்கவைத்து, தன் இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே விட்டு, அங்கேயே செரித்துவிடும் வகைகள் உண்டு.

கடல் அட்டை நனைந்த தோல் பை போலிருக்கும். அழுத்தக் கூடாது, மிகவும் பயந்தால் சில வகைகள் குடலையே வெளியே தள்ளிவிடும். கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவே, ஊழியர் சரி என்றால் மட்டும், விரலை மெல்ல வையுங்கள். முட்கள் விரலை நோக்கிச் சாயும். அது என் பிள்ளைகளுக்கு எந்தச் சுறாவைவிடவும் பெரிய சம்பவம்.

தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். என் மகள் முதல் தடவை தொடவே இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இது பிள்ளைகளின் உடம்புக்காக.

கண்ணாடியைத் தட்டினால் மீன் திரும்பிப் பார்க்குமா?

தட்டாதீர்கள். ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர். மீன் அந்த அதிர்வைக் காதால் மட்டுமல்ல, உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டாலும் வாங்குகிறது.

படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, அதனால் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. ஃபிளாஷ் போட்டாலும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளை வட்டம்தான் விழும். கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, மீன் வரும்வரை காத்திருங்கள்.

தொட்டியில் பார்த்த மீனை வெளியே பார்த்தால் சின்னதாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்டால்: தண்ணீர் ஒளியை வளைப்பதால் உள்ளே இருப்பது சற்று அருகிலும் பெரிதாகவும் தெரிகிறது.

ஜெல்லி மீனுக்கு மட்டும் ஏன் வட்டமான தொட்டி?

அதற்கு மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பு இல்லை. உடம்பில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். நீரோட்டம் கொண்டுபோகும் பக்கம்தான் பெரும்பாலும் போகும். சதுரத் தொட்டியில் போட்டால் மூலையில் போய் மாட்டிக்கொண்டு கிழிந்துவிடும். அதனால் மூலையே இல்லாத தொட்டியில் தண்ணீரை மெதுவாகச் சுழலவிட்டு அதை நடுவில் மிதக்கவைக்கிறார்கள். நீலமும் ஊதாவும் பெரும்பாலும் விளக்கின் நிறம்.

பின்னறையில் ஜெல்லி மீன் வளர்க்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல வகைகள் சிறு வயதில் பாறையில் ஒட்டிய குட்டிப் பூப்போல இருக்கும். பிறகு தட்டுத் தட்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு ஜெல்லி மீனாக நீந்திப் போகும். வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர்தானா? எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

கரையோரக் காட்சியகங்கள் பலவும் கடலிலிருந்தே குழாய் போட்டு எடுத்து வடிகட்டுகின்றன. மற்றவர்கள் உப்புக் கலவையைக் கரைத்துக்கொள்கிறார்கள், லிட்டருக்கு சுமார் 35 கிராம்.

ஆனால் தெளிவு வேறு, சுத்தம் வேறு. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. தண்ணீர் பளிங்காக இருந்தாலும் அது சேர்ந்தால் மீன் செத்துவிடும். வடிகட்டியில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, இந்த வேலையைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன என்பதே யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ஒரு சின்னக் காட்சியகத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னால், இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்களுக்கும் இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியாதே?

திரும்பத் திரும்ப வரும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மீன் தூங்குமா? தூங்கும், கண் திறந்தபடியே ஓய்வெடுக்கும். கிளிமீன் வகைகளில் சில, இரவில் தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு பையைச் சுரந்து அதற்குள் உறங்கும். மீன் தண்ணீர் குடிக்குமா? கடலில் வாழும் எலும்புள்ள மீன்கள் குடிக்கும், மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிவிடும். நன்னீர் மீன்களுக்குக் குடிக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. பாம்பு போல நீண்ட அஞ்சாளை மீன் ஏன் வாயைத் திறந்து திறந்து மிரட்டுகிறது? மிரட்டவில்லை, செவுளுக்குத் தண்ணீர் தள்ளி மூச்சு விடுகிறது. அதன் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, பிடித்த இரையை உள்ளே இழுக்க. கண்ணாடியில் ஏறிச் சிரிக்கிறதே திருக்கை? அது அடிப்பக்கம். கண் மாதிரி தெரிவது மூக்குத் துளைகள், உண்மையான கண்கள் முதுகுப் பக்கம் உள்ளன.

கடல் குதிரையின் முன்னால் அப்பாக்கள் நிற்கட்டும். பெண் குதிரை முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிடும். சுமப்பதும் குஞ்சுகளை வெளியே விடுவதும் அவர்தான். கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அவள் இறந்துவிட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும்.

இவை எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "தெரியவில்லை, வா அவரிடம் கேட்கலாம்" என்று ஊழியரிடம் அழைத்துப் போவதே நல்ல பதில்.

கடல் ஆமை ஒன்று தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. இது சரியா?

அந்த ஆமை ஏன் அங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பல சின்னக் காட்சியகங்கள் அடிபட்ட ஆமைகளுக்கு மருத்துவமனையும்கூட. வலையில் சிக்கியது, படகின் விசிறியில் அடிபட்டது, பிளாஸ்டிக்கை விழுங்கியது என்று வரும். சில ஆமைகளின் ஓட்டுக்கு அடியில் காற்று தங்கிவிடும், மூழ்கவே முடியாது. ஓட்டின் மேல் சிறு எடைகளை ஒட்டிச் சமன் செய்வார்கள். திரும்பக் கடலுக்குப் போக முடியாதவை அங்கேயே தங்கிவிடும்.

ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. பதுங்க ஓர் இடுக்குக்கூட இல்லாத வெறும் தொட்டி, மூக்கு தேய்ந்து புண்ணான மீன், ஒரே வட்டத்தை நிற்காமல் போட்டுக்கொண்டிருக்கும் சுறா, தொட்டுப் பார்க்கும் தொட்டி அருகே ஊழியரே இல்லாதது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மழுப்பல். இவற்றைக் கண்டால் எனக்கு அங்கே நிற்க மனம் வராது. ஓரிடத்தில் கடல் ஆமைக் குஞ்சைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்து, ஏன் வந்துவிட்டோம் என்று வாசலிலேயே உட்கார்ந்து விளக்கினேன். சின்னக் குளத்தில் டால்ஃபின் வைத்திருக்கும் இடத்துக்கு நான் போவதே இல்லை.

தங்குமிடம் ஆமைகள் முட்டையிடும் கரையை ஒட்டி இருந்தால் இரவில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள். முட்டையை விட்டு வரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நடக்கும். நம் விளக்கு அதற்கு வழி தவறச் செய்துவிடும்.

தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. பிள்ளை அழுதது. என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொல்ல வேண்டாம். பல சின்ன மீன்களின் ஆயுளே சில வருடங்கள்தான். பல ஆக்டோபஸ்களுக்கு ஒன்றிரண்டு வருடம். தாய் ஆக்டோபஸ் முட்டைகளைக் காத்துக்கொண்டு இரையைத் தொடாமலே இருந்து, குஞ்சு பொரியும் சமயத்தில் இறந்துபோகும். ஊழியரிடம் தெரிவியுங்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். அவரும் வருத்தப்படுவதைப் பார்ப்பது அதற்கு ஆறுதலாக இருக்கும்.

கைக்குழந்தை, முதியவர்கள், இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை?

திறந்தவுடன் போனால் கூட்டமும் சத்தமும் குறைவு. உள்ளே இருட்டு, தரை ஈரம். வழுக்காத செருப்பு வேண்டும். கடற்கரை ஈரத்துணியோடு குளிர்ந்த அறைக்குள் போகாமல் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி போகுமா என்பதைத் தொலைபேசியில் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பாட்டி தாத்தாவுக்கு இரை போடும் தொட்டியின் எதிரில் ஓர் இருக்கை பிடித்துவிட்டால் போதும்.

நினைவாகச் சங்கு, உலர்ந்த நட்சத்திர மீன் வாங்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அவை உயிரோடு பிடித்து உலர்த்தப்பட்டவை. கடல் குதிரைகளின் பன்னாட்டு வணிகம் 2004 முதல், அழியும் அபாயத்தில் உள்ள உயிர்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கரையில் கிடக்கும் காலிச் சங்குகூட முனிவர் நண்டுக்கு நாளைய வீடு. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுபோனால், பிள்ளை வரைந்த மீன் வீட்டுக்கு வரும்.

திரும்பக் கடற்கரைக்கு வந்ததும் எங்கே தேடுவது?

பாறை இருக்கும் கரையில், நீர் வற்றும் நேரத்தில். பெரும்பாலான கரைகளில் ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகமாக வற்றும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர்தான் பிள்ளைகளின் சொந்தக் காட்சியகம். அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள், ஏற்றம் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் காய்ந்துவிடும். தோல் பை போன்ற காய்ந்த உறை கிடைத்தால் அது சுறா அல்லது திருக்கை இனத்தின் முட்டைக்கூடாக இருக்கலாம்.

சிலவற்றைத் தொடவே கூடாது. அழகான கோலம் போட்ட கூம்பு வடிவச் சங்குக்குள் உயிர் இருந்தால் அது நஞ்சு ஊசியைப் பாய்ச்சும். அதில் சில வகைகள் மனிதரைக் கொன்றிருக்கின்றன. கரை ஒதுங்கிச் செத்த ஜெல்லி மீனும் கொட்டும். திருக்கை இருக்கும் ஆழமில்லாத நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும்.

பிடித்ததை வாளியில் போட்டுக் காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கூடாது. வாளித் தண்ணீர் வெயிலில் சட்டென்று சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போய்ச் சேரும் முன்பே இறந்துவிடும். கரை ஒதுங்கிய ஆமையையும் நீங்களாகக் கடலுக்குள் தள்ளாதீர்கள். ஆட்களையும் நாய்களையும் விலக்கி வைத்துவிட்டுக் காட்சியகத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

மற்றபடி, பக்கத்தில் விரலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுநாள் போய்க் காட்டலாம். என் மகன் அப்படிக் காட்டிய ஒரு கடல் அட்டையின் படத்தைப் பார்த்த ஊழியர், எந்தப் பாறை, எத்தனை மணி என்று கேட்டுத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த நாள் விடியும் முன் நீர் வற்றும் நேரத்துக்கு அவனே எழுந்து எங்கள் எல்லாரையும் எழுப்பினான்.